பத்து முடிந்தது, இனி அரசு மேல்நிலைப் பள்ளி: சேர்க்கை முதல் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல் வரை

மே மாதம் பத்தாம் வகுப்பு முடிவு வந்த அன்றே வீட்டில் பேச்சு ஆரம்பித்துவிடும்: பிளஸ் ஒன்னுக்கு எங்கே சேர்ப்பது, எந்த குரூப் எடுப்பது. பத்து வருடமாக நிதானமாக ஓடிய படிப்பில், பத்துப் பதினைந்து நாளுக்குள் எடுக்கும் இந்த முடிவுதான் அடுத்த ஆறு வருடத்தைத் தீர்மானிக்கிறது. தமிழ்நாட்டு அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோருக்காகவும், சேரப்போகும் பிள்ளைகளுக்காகவும் இது எழுதப்பட்டுள்ளது. அரசு தருவது நிறைய. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு காகிதத்திலும் ஒரு தேதியிலும் தொங்குகிறது. காகிதம் சரியாக இருந்து தேதியும் தெரிந்திருந்தால், பிள்ளைக்கு உரியதில் பெரும்பாலானவை வந்து சேர்ந்துவிடும்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். உயர்நிலைப் பள்ளி என்றால் பத்து வரை. மேல்நிலைப் பள்ளி என்றால் பன்னிரண்டு வரை. 1978இல் பிளஸ் டூ வந்ததிலிருந்து இதுதான் வழக்கம். பிள்ளை படித்தது உயர்நிலைப் பள்ளி என்றால் எப்படியும் பள்ளி மாற வேண்டும். மேல்நிலைப் பள்ளி என்றால் அங்கேயே பிளஸ் ஒன் சேரலாம். ஆனால் நீங்கள் கேட்கும் குரூப் அந்தப் பள்ளியில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லாப் பள்ளியிலும் எல்லா குரூப்பும் கிடையாது.

முதல் படி: மாற்றுவதற்கு முன் எண்ணிப் பாருங்கள்

ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பிள்ளையை, பிளஸ் ஒன்னுக்குக் கடன் வாங்கித் தனியார் பள்ளியில் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அங்கே நீட் பயிற்சி தருகிறார்களே என்ற நினைப்புதான் காரணம். அந்த மாற்றத்தில் என்ன போகிறது என்று தெரிந்து மாற்றினால் அது அவர்கள் விருப்பம். தெரியாமல் மாற்றுவதுதான் வயிற்றெரிச்சல்.

போவது முதலில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. 2020இல் இயற்றப்பட்ட சட்டத்தின் மூலம் மருத்துவப் படிப்பிலும், 2021இல் இயற்றப்பட்ட சட்டத்தின் மூலம் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளிலும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இந்த இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. நிபந்தனை ஒன்றுதான்: ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை ஏழு வருடமும் அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் எட்டு வரை தனியார் பள்ளியில் இலவசமாகப் படித்து, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கும் உண்டு. பிளஸ் ஒன்னுக்கு வெளியே போய்விட்டு, சரிப்படவில்லை என்று பிளஸ் டூவுக்குத் திரும்பி வந்தாலும் அந்தத் தொடர்ச்சி அறுந்தது அறுந்ததுதான்.

இந்த ஒதுக்கீட்டில் இடம் பிடிப்பவர்களுக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. ஒரு கூலித் தொழிலாளி வீட்டுப் பிள்ளை நான்கு வருடம் பொறியியல் படிக்க இதைவிடப் பெரிய வாசல் இன்றைக்கு வேறில்லை.

இரண்டாவது, கல்லூரிக் காலத்து மாத உதவி. பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டம் 5 செப்டம்பர் 2022இல் தொடங்கியது. ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 9 ஆகஸ்ட் 2024இல் தொடங்கியது. இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய், பட்டப்படிப்போ டிப்ளமோவோ ஐ.டி.ஐயோ முடியும்வரை மாணவரின் கணக்குக்கே வரும். இதற்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளிப் படிப்பு வேண்டும். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இந்த இரண்டு திட்டங்களும் பொருந்தும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. பலர் தடுக்கி விழுவது இதில்தான். அரசுப் பள்ளி வேறு, அரசு உதவி பெறும் பள்ளி வேறு. மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி ஒன்றியப் பள்ளி, ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி, வனத்துறைப் பள்ளி எல்லாம் அரசுப் பள்ளிக் கணக்கில் வரும். அறக்கட்டளையோ சபையோ நடத்தி, ஆசிரியர் சம்பளத்தை மட்டும் அரசு தரும் பள்ளி உதவி பெறும் பள்ளி. அங்கே படித்தால் மாத உதவி கிடைக்கலாம், 7.5 சதவீதம் கிடைக்காது. "நம்ம ஊர் பழைய பள்ளி, கவர்மெண்ட் ஸ்கூல்தான்" என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கும் பள்ளி உண்மையில் உதவி பெறும் பள்ளியாக இருக்கலாம். சேர்ப்பதற்கு முன் தலைமை ஆசிரியரிடம் நேராகக் கேட்டுவிடுங்கள்.

இரண்டாம் படி: குரூப்

முதல் குரூப் எடுத்தால்தான் மரியாதை என்ற எண்ணத்தை வீட்டு வாசலிலேயே விட்டுவிட்டு வாருங்கள். ஒவ்வொரு குரூப்பும் எந்தக் கதவைத் திறக்கிறது, எதை மூடுகிறது என்பதுதான் கேள்வி. மூடும் கதவை முதலில் பாருங்கள்.

பயோ-மேத்ஸ் என்று சொல்லப்படும் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் பிரிவு மருத்துவம், பொறியியல் இரண்டையும் திறந்து வைக்கிறது. அதற்கு விலை சுமை. நான்கும் கனமான பாடங்கள். பத்தாம் வகுப்பில் கணக்கும் அறிவியலும் எண்பதுக்குக் கீழே நின்ற பிள்ளைக்கு முதல் காலாண்டுத் தேர்வே பயமுறுத்தும். "ரெண்டு பக்கமும் வாய்ப்பு இருக்கட்டும்" என்று இதில் தள்ளிவிட்டு, கடைசியில் இரண்டு கட்-ஆஃபும் குறைந்து நிற்பதைப் பார்க்கிறோம்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பில் உயிரியலுக்குப் பதில் கணினி அறிவியல் வரும். பொறியியலுக்கு எந்தத் தடையும் இல்லை. நீட் எழுத முடியாது, பி.எஸ்சி நர்சிங், கால்நடை மருத்துவம் எல்லாம் மூடிவிடும். ப்யூர் சயின்ஸ் இதற்கு நேர் எதிர்: இயற்பியல், வேதியியலோடு தாவரவியல், விலங்கியல் தனித்தனிப் பாடம். நீட், நர்சிங், துணை மருத்துவப் படிப்புகள், வேளாண்மை, கால்நடை மருத்துவம் திறந்திருக்கும். கணிதம் இல்லாததால் பொறியியல் கலந்தாய்வு கிடையாது. தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் மாநில இடங்களுக்கு நீட் தேவையில்லை, பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. டாக்டராக வேண்டும், ஆனால் நீட் நினைத்தால் கலக்கம் என்றிருக்கும் பிள்ளையிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

பொறியியல் கட்-ஆஃப் கணக்கு 200க்கு. கணித மதிப்பெண் அப்படியே 100க்கு. இயற்பியலும் வேதியியலும் பாதியாக, தலா 50க்கு. கணிதம் 92, இயற்பியல் 84, வேதியியல் 78 என்றால் 92 + 42 + 39 = 173. தமிழும் ஆங்கிலமும் உயிரியலும் இதில் சேராது. கணக்கில் ஒரு மதிப்பெண் என்பது இயற்பியலில் இரண்டு மதிப்பெண்ணுக்குச் சமம் என்பதைப் பிள்ளை ஜூன் மாதமே தெரிந்து வைத்திருந்தால் படிக்கும் நேரத்தைப் பங்கிடும் விதமே மாறும்.

காமர்ஸ் குரூப்பில் வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல் மூன்றும் நிலையாக இருக்கும். நான்காவது பாடம் பள்ளிக்குப் பள்ளி மாறும். கணினிப் பயன்பாடுகள், வணிகக் கணிதம், வரலாறு இவற்றில் ஒன்று. தேர்ந்தெடுக்க வழியிருந்தால் வணிகக் கணிதமோ கணினிப் பயன்பாடுகளோ எடுப்பது பின்னால் உதவும். சி.ஏ. படிக்க காமர்ஸ்தான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, எந்த குரூப்பும் எழுதலாம். ஆனால் கணக்குப்பதிவியல் இரண்டு வருடம் படித்துவிட்டுப் போவது பெரிய தெம்பு. கலைப் பிரிவில் வரலாறு, பொருளியல், புவியியல், அரசியல் அறிவியல் வரும். அரசு வேலைத் தேர்வுகளை மனதில் வைத்திருக்கும் பிள்ளைக்கு அந்தத் தேர்வுகளின் பொது அறிவுப் பாடத்தில் பாதி இங்கேயே முடிந்துவிடுகிறது. சட்டப் படிப்புக்கு எந்த குரூப்பானாலும் சரி.

தொழிற்கல்விப் பிரிவை, மற்ற குரூப்பில் இடம் கிடைக்காதவர்களுக்கு என்று ஒதுக்கி வைப்பது பெரிய அநியாயம். அடிப்படை இயந்திரவியல், மின் பொறியியல், மின்னணுப் பொறியியல், கட்டடப் பொறியியல், தானியங்கி ஊர்தி, நெசவுத் தொழில்நுட்பம், செவிலியம், வேளாண் அறிவியல், அலுவலக மேலாண்மை, தணிக்கையியல் என்று பள்ளிக்கேற்ப இருக்கும். பொறியியல் சார்ந்த தொழிற்பிரிவில் படித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பொறியியல் கலந்தாய்விலும் தொழிற்கல்வி மாணவர்களுக்குத் தனியாக இடம் உண்டு. பத்தில் கணக்கு தட்டுத் தடுமாறினாலும் கையில் ஸ்பேனரைக் கொடுத்தால் இயந்திரத்தைப் பிரித்து மாட்டும் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான குரூப் இல்லை. எச்சரிக்கை ஒன்று: செவிலியத் தொழிற்கல்வி படித்தால் பி.எஸ்சி நர்சிங் தானாகக் கிடைத்துவிடாது. அதற்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் கேட்பார்கள்.

கேட்ட குரூப் கிடைக்கவில்லை என்றால் உடனே மனம் தளர வேண்டாம். பிளஸ் ஒன் சேர்க்கையிலும் 69 சதவீத இட ஒதுக்கீடு உண்டு: பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினர் 20, ஆதிதிராவிடர் 15, அருந்ததியர் 3, பழங்குடியினர் 1. மீதி 31 பொது. சேர்ந்தவர்களில் சிலர் பாலிடெக்னிக்குக்கோ ஐ.டி.ஐக்கோ போய்விடுவதால் ஜூன் இறுதிவரை இடம் காலியாகிக்கொண்டே இருக்கும். விருப்பத்தை எழுத்தில் கொடுத்துவிட்டு, வாரம் ஒருமுறை போய்க் கேளுங்கள். குரூப் மாற்றுவதாக இருந்தால் முதல் மாதத்துக்குள் மாற்றிவிட வேண்டும்; ஆகஸ்டில் மாறினால் விட்ட பாடத்தைப் பிடிக்கவே அரையாண்டு ஆகிவிடும்.

தமிழ் வழியா, ஆங்கில வழியா?

அரசுப் பள்ளிகளிலேயே இப்போது இரண்டும் இருப்பதால் இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது. முடிவெடுக்கும் முன் ஒரு சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். மாநில அரசுப் பணிகளில் நேரடி நியமனத்தில் 20 சதவீதம் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு முன்னுரிமையாக ஒதுக்கப்படுகிறது. 2010இல் வந்த சட்டம் அது. 2020இல் திருத்தப்பட்ட பிறகு, அந்தப் பணிக்குக் கேட்கும் கல்வித் தகுதியை மட்டும் தமிழில் படித்தால் போதாது, பள்ளிப் படிப்பு முழுவதும் தமிழ் வழியில் இருக்க வேண்டும். பத்துவரை தமிழ் வழியில் படித்த பிள்ளை, பிளஸ் ஒன்னில் ஆங்கில வழிக்கு மாறினால், பிளஸ் டூவைத் தகுதியாகக் கொண்ட பணிகளில் இந்த முன்னுரிமையை இழக்கும். பட்டப்படிப்புத் தகுதிப் பணிகளுக்கும் அதே கதைதான்.

இன்னொரு பக்கம், அறிவியல் குரூப் எடுத்து மருத்துவமோ பொறியியலோ போகும் பிள்ளைக்குக் கல்லூரியில் எல்லாம் ஆங்கிலம். அதற்காக இப்போதே வழி மாற வேண்டியதில்லை. தமிழ் வழியில் படித்துக்கொண்டே, ஒவ்வொரு பாடத்தின் கலைச்சொற்களையும் இரண்டு மொழியிலும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்தால் போதும். முடுக்கம், உந்தம், நிலைமம் என்று ஒரு பக்கம். எதிரே ஆக்சிலரேஷன், மொமெண்டம், இனெர்ஷியா. ஒரு பாடத்துக்கு முப்பது நாற்பது சொல் வரும். இரண்டு வருடத்தில் அந்தக் குறிப்பேடுதான் கல்லூரியின் முதல் பருவத்தைக் கரையேற்றும். நீட் தேர்வைத் தமிழிலும் எழுதலாம்.

மூன்றாம் படி: சேர்க்கை நாளன்று கையில் இருக்க வேண்டியவை

பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் (அசல் வராவிட்டால் தற்காலிகமானது), மாற்றுச் சான்றிதழ் என்ற டி.சி., சாதிச் சான்றிதழ், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்க நகல், பாஸ்போர்ட் அளவுப் படங்கள் நான்கைந்து. முந்தைய பள்ளியில் பிள்ளைக்குத் தந்த எமிஸ் எண்ணையும் (பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவில் பிள்ளைக்கு உள்ள எண்) குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளை எந்த வகுப்பை எங்கே படித்தது என்ற வரலாறு முழுவதும் அந்த எண்ணில்தான் இருக்கிறது. நாளைக்கு 7.5 சதவீதத்துக்கும் மாத உதவிக்கும் சரிபார்ப்பது அந்தப் பதிவைத்தான். பழைய பள்ளி எமிஸில் பெயரை விடுவித்தால்தான் புதிய பள்ளி சேர்க்க முடியும், டி.சி. வாங்கும்போதே அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வருமானச் சான்றிதழ் சேர்க்கைக்குத் தேவையில்லை. உதவித்தொகைக்குத் தேவைப்படும். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டணத்தில் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று படியேறி வர நாளாகும். ஜூனில் எல்லோரும் ஒரே நேரத்தில் வருவதால் வரிசை நீளும். ஏப்ரலில், தேர்வு முடிந்த கையோடு போட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம். குடும்பத்தில் யாரும் பட்டம் பெறாதவர்கள் என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழும் பிளஸ் டூ முடிவதற்குள் எடுத்து வையுங்கள்.

அரசுப் பள்ளியில் கல்விக் கட்டணம் கிடையாது. பாடநூல் இலவசம். பிளஸ் ஒன்னில் விலையில்லா மிதிவண்டி வரும். பேருந்துக்கு இலவசப் பயண அட்டை. வேறு எதற்காவது பணம் கேட்டால் ரசீது கேளுங்கள். தீராத குறை இருந்தால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணில் சொல்லலாம். பள்ளி தூரமாக இருந்தால் அரசு விடுதிகள் இருக்கின்றன. 2025 முதல் அவற்றுக்குச் சமூகநீதி விடுதிகள் என்று பெயர். சேர்க்கையோடு சேர்த்தே விடுதிக்கும் விண்ணப்பியுங்கள், இடம் சீக்கிரம் நிரம்பிவிடும்.

நான்காம் படி: ஆதாரும் வங்கிக் கணக்கும்

உதவித்தொகை அறிவித்து, தேர்வும் ஆகி, பட்டியலில் பெயரும் வந்து, பணம் மட்டும் வராமல் நிற்பது நிறைய நடக்கிறது. பெரும்பாலும் காரணம் இரண்டு.

ஒன்று, பெயர். ஆதாரில் "மு. கார்த்திகா", மதிப்பெண் பட்டியலில் "கார்த்திகா மு", வங்கியில் தந்தை பெயர் முழுதாகச் சேர்ந்து "கார்த்திகா முருகன்" என்று இருந்தால் கணினி மூன்று பேராக எண்ணிக்கொள்ளும். பள்ளிச் சான்றிதழில் இருக்கும் பெயரை மூலமாக வைத்து மற்ற இரண்டையும் அதற்கேற்பத் திருத்துவதே எளிது. சான்றிதழைத் திருத்துவதுதான் இருப்பதிலேயே கடினம்.

இரண்டு, இணைப்பு. வங்கியில் ஆதார் நகலைக் கொடுத்தால் கணக்கோடு ஆதார் சேர்ந்துவிடும். ஆனால் அரசுப் பணம் நேரடியாக வர அது போதாது. நேரடிப் பணப் பரிமாற்றத்துக்காக (டி.பி.டி.) அந்தக் கணக்கை ஆதாரோடு தனியாக இணைத்துப் பதிய வேண்டும். அதற்கென்று ஒரு படிவம் உண்டு. "டி.பி.டி.க்கு ஆதார் சீடிங் செய்ய வேண்டும்" என்றே கவுண்டரில் கேளுங்கள். இரண்டு கணக்கு இருந்தால் கடைசியாக எதை இப்படிப் பதிந்தீர்களோ அதற்குத்தான் பணம் போகும். அம்மாவோடு சேர்ந்த பழைய கணக்கில் பணம் விழுந்திருப்பது தெரியாமல் அலைபவர்களும் இருக்கிறார்கள்.

பதினைந்து வயதில் ஆதாரில் கைரேகையும் கருவிழியும் புதுப்பிக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். 15 முதல் 17 வயதுக்குள் செய்தால் இலவசம். செய்யாவிட்டால், நீட் போன்ற தேர்வுகளுக்கு விண்ணப்பிக்கும் நேரத்தில் சரிபார்ப்பு இடறும்.

எந்தெந்த உதவித்தொகை?

எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்ற தேசிய வருவாய்வழி, திறன் உதவித்தொகைத் தேர்வில் வென்ற பிள்ளைக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் வரும். இதைப் பாதியில் விடுவது எளிது. ஒவ்வொரு வருடமும் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் புதுப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் 60 சதவீதம் (ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 55) எடுத்திருந்தால்தான் பிளஸ் ஒன்னில் தொடரும். பள்ளி மாறும்போது, புதிய பள்ளி ஏற்றுக்கொண்டதா என்று யாரும் கேட்காமல் விட்டுவிடுவதால் நின்றுபோகிற உதவித்தொகைகள் உண்டு. சேர்ந்த முதல் வாரத்திலேயே "இவன் என்.எம்.எம்.எஸ். மாணவன்" என்று வகுப்பாசிரியரிடம் சொல்லிவிடுங்கள். கிராமப்புறப் பள்ளிகளில் ஒன்பதில் எழுதும் ஊரகத் திறனாய்வுத் தேர்வுக்கும் அப்படியே. ஆண்டுக்கு 1,000 ரூபாய், நான்கு வருடம்.

பிளஸ் ஒன்னில் எழுத வேண்டிய தேர்வு தமிழ் மொழி இலக்கியத் திறனறிவுத் தேர்வு. மாநிலம் முழுவதும் 1,500 பேரைத் தேர்ந்தெடுத்து, மாதம் 1,500 ரூபாய் இரண்டு வருடம் தருகிறார்கள். அதில் பாதி இடம் அரசுப் பள்ளிகளுக்கு. பாடம் என்ன தெரியுமா? பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூல். பிள்ளை அதை அப்போதுதான் முடித்திருக்கும்! புத்தகத்தைப் பழைய பேப்பர் கடைக்குப் போடாமல் அக்டோபர் வரை வைத்திருங்கள். முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வு அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மட்டுமே. 500 மாணவர், 500 மாணவியர் என்று 1,000 பேருக்கு, கல்வியாண்டுக்கு 10,000 ரூபாய் பட்டப்படிப்பு முடியும்வரை வரும். இதற்கும் ஒன்பது, பத்தாம் வகுப்புக் கணிதம், அறிவியல், சமூக அறிவியல்தான் அடிப்படை.

இடைநிற்றலைத் தடுக்கத் தரும் சிறப்பு ஊக்கத்தொகை தனி: பத்துக்கும் பதினொன்றுக்கும் தலா 1,500, பன்னிரண்டுக்கு 2,000, ஆக 5,000 ரூபாய். ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களுக்கு, குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால், பிளஸ் ஒன் முதல் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு.

சொல்லவே கனமான ஒன்று. சம்பாதிக்கும் அப்பாவோ அம்மாவோ விபத்தில் இறந்தால், அல்லது நிரந்தரமாக முடங்கினால், பிள்ளையின் படிப்புக்காக 75,000 ரூபாய் நிதியுதவி இருக்கிறது. விண்ணப்பம் பள்ளி வழியாகப் போக வேண்டும். துக்க வீட்டில் யாருக்கும் இது நினைவுக்கு வராது. பக்கத்து வீட்டுக்காரரோ ஆசிரியரோ நினைவுபடுத்தினால்தான் உண்டு.

ஐந்தாம் படி: இரண்டு வருடத்து மதிப்பெண் கணக்கு

பிளஸ் ஒன் பொதுத்தேர்வு 2017-18இல் வந்தது. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தொடாமலே, இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருட்டும் பழக்கத்தை நிறுத்தத்தான் அது வந்தது. 2025-26 முதல் அது ரத்து. பிள்ளைகளுக்கு அழுத்தம் குறைந்தது நல்லது. ஆனால் நீட்டும் ஜே.இ.இ.யும் பதினொன்றாம் வகுப்பிலிருந்து ஏறக்குறைய பாதிக் கேள்வி கேட்கின்றன. கல்லூரி முதல் பருவம் அந்தப் பாடத்தின் மேல்தான் நிற்கிறது. பொதுத்தேர்வு இல்லை என்று இந்த ஒரு வருடத்தைத் தளர்த்திவிடாதீர்கள்.

பிளஸ் டூவில் ஆறு பாடம், தலா 100, மொத்தம் 600. செய்முறை இல்லாத பாடத்தில் எழுத்துத் தேர்வு 90, அகமதிப்பீடு 10. செய்முறை உள்ள பாடத்தில் எழுத்து 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. தேர்ச்சிக்கு 35 போதும் என்று எல்லோருக்கும் தெரியும். கூடவே இருக்கும் நிபந்தனை பலருக்குத் தெரியாது: செய்முறைப் பாடத்தில் எழுத்துத் தேர்வில் மட்டும் 70க்கு 15 எடுத்தாக வேண்டும், மற்றதில் 90க்கு 25. வேதியியலில் ஒரு பிள்ளை செய்முறையில் முழுசாக 20, அகமதிப்பீட்டில் 10, எழுத்தில் 14 எடுக்கிறது என்று வையுங்கள். கூட்டினால் 44. ஆனால் தேர்ச்சி இல்லை. மெதுவாகப் படிக்கும் பிள்ளைக்கு இலக்கு வைக்கும்போது 35 என்று சொல்லாமல் "செய்முறைப் பாடத்தில் எழுத்தில் இருபதைத் தாண்டு" என்று சொல்லுங்கள்.

அகமதிப்பீட்டுப் பத்தில் வருகைக்கு 2, பள்ளித் தேர்வுகளுக்கு 4, ஒப்படைவு அல்லது செயல்திட்டத்துக்கு 2, இணைச் செயல்பாடுகளுக்கு 2. கட்-ஆஃப் அரை மதிப்பெண்ணில் நிற்கும் போட்டியில் இதைக் கோட்டைவிடுவது வீண். வீட்டு விசேஷத்துக்கு வாரக்கணக்கில் லீவு போடுவதும், ரெக்கார்டு நோட்டை ஜனவரியில் ஒரே இரவில் எழுதுவதும்தான் இந்த மதிப்பெண்ணைத் தின்கின்றன. ஒவ்வொரு சோதனையும் முடிந்த வாரமே ரெக்கார்டில் கையெழுத்து வாங்கிவிட வேண்டும்.

பெயர்ப்பட்டியல்: ஐந்து நிமிடக் கவனம்

பொதுத்தேர்வுக்கு முன் பள்ளி தேர்வுத் துறைக்குப் பெயர்ப்பட்டியல் அனுப்பும். அதில் இருப்பதுதான் மதிப்பெண் பட்டியலில் அச்சாகும். பிள்ளையிடம் கையெழுத்து வாங்குவார்கள். நெரிசலில் படிக்காமலே போட்டுவிட்டு ஓடிவிடுவார்கள். அன்றைக்கு ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள்: தமிழில் பெயர், ஆங்கிலத்தில் பெயர், தலைப்பெழுத்து முன்னாலா பின்னாலா, பிறந்த தேதி, படம், பாடங்கள், பயிற்று மொழி. தமிழில் "சண்முகபிரியா", ஆங்கிலத்தில் ஓர் எழுத்து விடுபட்டு வேறு ஒலி என்றால் அப்போதே சொன்னால் ஆசிரியர் இரண்டு நிமிடத்தில் மாற்றிவிடுவார். அச்சான பிறகு திருத்த வேண்டுமானால் விண்ணப்பம், ஆவணங்கள், அலைச்சல், மாதக்கணக்கில் காத்திருப்பு.

பள்ளியில் வேறென்ன இருக்கிறது?

என்.சி.சி., என்.எஸ்.எஸ்., சாரணர், இளையோர் செஞ்சிலுவைச் சங்கம் இருந்தால் ஒன்றிலாவது சேரச் சொல்லுங்கள். என்.எஸ்.எஸ். என்ற நாட்டு நலப்பணித் திட்டத்தில் வருடம் 120 மணிநேரப் பணியும் ஏழு நாள் முகாமும் உண்டு. வீட்டை விட்டு முதல்முறையாகத் தங்கும் பிள்ளைகள் அந்த ஏழு நாளில் வளர்ந்துவிட்டு வருவார்கள். நான் முதல்வன் திட்டத்தின்கீழ் உயர்கல்வி வழிகாட்டி வகுப்புகள் நடக்கும். நுழைவுத் தேர்வுகளின் பட்டியலையும் கடைசித் தேதிகளையும் கேட்டு வாங்க அதுதான் இடம். ஹைடெக் ஆய்வகமும் மணற்கேணி செயலியும் இருக்கின்றன. பாடத்தைத் திரும்பக் கேட்க வேண்டிய பிள்ளைக்கு மணற்கேணி காணொலிகள் நல்ல துணை, பணம் எதுவும் வேண்டாம். மாவட்ட மாதிரிப் பள்ளியில் தங்கிப் படிக்க வாய்ப்பு வந்தால் யோசிக்காமல் அனுப்பலாம். அதுவும் அரசுப் பள்ளிதான், தொடர்ச்சி அறாது.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போங்கள். வேதியியல் ஆசிரியர் பணியிடம் மூன்று மாதமாகக் காலி என்றால் அதைத் தீர்மானமாக எழுத வைக்கும் இடம் அதுதான். வாசலில் நின்று பேசுவதற்கும் தீர்மானமாக எழுதுவதற்கும் நிறைய வித்தியாசம்.

கடைசிப் படி: முடிவு வந்த பிறகு

பிளஸ் டூ தேர்வு முடிந்து முடிவு வருவதற்குள் பொறியியல் கலந்தாய்வுப் பதிவு தொடங்கிவிடலாம். மதிப்பெண்ணுக்குக் காத்திருக்க வேண்டாம், விவரங்களை ஏற்றி வையுங்கள். தலைமை ஆசிரியரிடம் ஒரே நாளில் வாங்க வேண்டியவை மூன்று: மாற்றுச் சான்றிதழ், ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று, தமிழ் வழியில் படித்திருந்தால் அதற்கான சான்று. இடையில் பள்ளி மாறியிருந்தால் அந்தந்தப் பள்ளியிலும் கையெழுத்து வாங்க வேண்டும். ஆறு முதல் எட்டு வரை ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் படித்த பிள்ளை என்றால் அங்கேயும் போக வேண்டும். கோடை விடுமுறையில் பள்ளி பூட்டியிருக்கும் என்பதால் மார்ச்சிலேயே அதை முடித்துவிடுங்கள்.

மதிப்பெண்ணில் சந்தேகம் இருந்தால் முதலில் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். நகல் வாங்கியவர்கள்தான் மறுமதிப்பீடோ மறுகூட்டலோ கேட்க முடியும். இதற்கு ஒதுக்கும் நாட்கள் மிகக் குறைவு. நகல் வந்ததும் பாட ஆசிரியரிடம் காட்டி, எந்தக் கேள்வியில் எவ்வளவு கூடும் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

ஒரு பாடத்தில் தவறியிருந்தால் அதே வருடம் ஜூன், ஜூலையில் துணைத்தேர்வு உண்டு. அதில் தேறினால் அந்த ஆண்டே கல்லூரியில் சேரலாம், வருடம் வீணாகாது. விண்ணப்பத்தைப் பள்ளியிலேயே போடலாம். முடிவு வந்த அன்று பிள்ளை பள்ளிப் பக்கம் போகக் கூச்சப்படும். நீங்கள் கூடப் போய், அன்றைக்கே படிவத்தை வாங்கி நிரப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.